பெஞ்ச் பிரஸ் செய்துவிட்டு வந்து பார்த்தால் பிரஷர் 184/106. ஜிம்மை விட்டுவிடணுமா?

அச்சுக்காரன் (மதுரை), மார்ச் 26, இரவு 10.40

மதுரையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் நோட்டீஸ், பில் புக். வயது 48. எடை 86 கிலோ, உயரம் ஐந்தடி ஆறங்குலம். அந்த 86 எங்கே இருக்கிறது என்று சட்டைப் பொத்தானைக் கேட்டால் சொல்லும்.

தை முகூர்த்த வேலை முடிந்த கையோடு, விடாத தலைவலிக்காக டாக்டரிடம் போனேன். பிரஷர் 162/102. ஒரு வாரம் விட்டுப் பார்த்தபோதும் அதே கதை. டெல்மிசார்டன் 40 எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம், அது போதவில்லை என்று ஆம்லோடிபின் 5 சேர்த்தார். "உப்பைக் குறைங்க, எடையைக் குறைங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க." அவ்வளவுதான். வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஜிம். மூன்று மாதம் கட்டினால் ஒரு மாதம் இலவசம். அந்த நோட்டீஸை அடித்துக் கொடுத்தவனே நான்தான். சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். 'நோய் ஏதேனும் உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பையன், அக்கா கல்யாணத்துக்கு என்னிடம் பத்திரிகை அடித்த வீட்டுப் பிள்ளை. அவன் முன்னால் எழுதக் கை வரவில்லை.

இரண்டு வாரம் டிரெட்மில், சைக்கிள். ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் எடை தூக்கத் தொடங்கினோம். நேற்று பெஞ்ச் பிரஸ், அதாவது பெஞ்சில் படுத்தபடி எடைக் கம்பியை மேலே தள்ளுவது, 40 கிலோ. கடையில் காகித பண்டல் தூக்குகிறவனுக்கு இது என்ன பிரமாதம் என்று படுத்தேன். எட்டாவது தடவை கை நடுங்குகிறது. பையன் தலைமாட்டில் நின்று "இன்னும் ரெண்டு, அங்கிள், இன்னும் ரெண்டு" என்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கித் தள்ளினேன். காதுக்குள் அப்பா காலத்து டிரெடில் அச்சு மெஷின் ஓடுவது போல டம் டம் என்று சத்தம். எழுந்து உட்கார்ந்தால் கண் முன்னே பூச்சி பறக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பிரஷர் மெஷினைக் கட்டிப் பார்த்தேன். 184/106. நம்பாமல் மறுபடி, 179/104. மூன்றாவது தடவை அழுத்தும்போது மனைவி பார்த்துவிட்டாள். "நாளையிலிருந்து அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது." பேச்சு முடிந்தது. இரவு பத்து மணிக்கு 146/92, இன்று காலை 138/88.

பணம் கட்டியாகிவிட்டது, அது ஒரு பக்கம். உண்மையில் நான் உடற்பயிற்சி செய்யலாமா, கூடாதா? நடை மட்டும் போதுமா? இன்னொன்று, பத்து நாளாகச் சாயங்காலத்தில் இரண்டு கணுக்காலும் வீங்கி, காலுறை போட்ட தடம் பள்ளமாகத் தெரிகிறது. டிரெட்மில்லில் அதிகம் நடந்ததாலா?

மூலிகைத் தோட்டம், மார்ச் 26, இரவு 11.15

ஜிம்மெல்லாம் எதற்கு அண்ணே? காலையில் சிரசாசனம் ஐந்து நிமிடம், கபாலபாதி முந்நூறு தடவை. தலைக்கு ரத்தம் ஏறினால் பிரஷர் தானாக இறங்கும். எங்கள் மாமா பத்து வருடமாகச் செய்கிறார். கூடவே முருங்கைக்கீரை சூப்.

கோவை பிசியோ, மார்ச் 27, காலை 6.05

மூலிகைத் தோட்டம் சார், சூப் சரி, உப்பு போடாமல் குடிக்கட்டும். சிரசாசனம் வேண்டாம். மாமாவுக்குப் பிரஷர் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் 160/100-ஐத் தொட்டவர் தலைகீழாக நிற்பது நல்ல யோசனை இல்லை. வேகமாக மூச்சுத் தள்ளுகிற கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை உள்ளே கட்டுகிற கும்பகம், இதெல்லாம் பிரஷர் கட்டுக்குள் வரும்வரை தள்ளி நிற்கட்டும்.

அச்சுக்காரன் சார், உங்களிடம் நாலு கேள்வி. மெஷினைக் கட்டியது வீட்டுக்குள் நுழைந்த எத்தனையாவது நிமிடம்? உங்கள் புஜத்தின் சுற்றளவு என்ன, மெஷின் பட்டை எந்த அளவு? ஜிம்முக்குப் போகும் முன் எதையாவது குடித்தீர்களா? உடம்பு வலிக்கு மாத்திரை ஏதாவது போட்டீர்களா? கூச்சப்படாமல் சொல்லுங்க. படிவத்தில் செய்த மாதிரி இங்கேயும் செய்யாதீங்க.

அச்சுக்காரன், மார்ச் 27, காலை 9.30

அடி சரியான இடத்தில் விழுந்தது, மேடம்.

ஜிம்மிலிருந்து நேராக வந்து, இரண்டு மாடி ஏறி, வியர்வையோடு, அரைக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, மனைவியிடம் பேசிக்கொண்டே கட்டினேன். ஏறி வந்து இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது. புஜத்தை இப்போதுதான் தையல் டேப்பால் அளந்தேன், 35 சென்டிமீட்டர். பட்டையில் 22 முதல் 32 என்று போட்டிருக்கிறது.

குடித்தது உண்டு. பயிற்சிக்கு முன்னால் குடித்தால் தெம்பு என்று ஷேக்கரில் ஒரு சிவப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தான். இன்று காலை போய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஆறு பாயிண்ட் எழுத்தில், நான் அடித்தால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுவார், ஒரு ஸ்கூப்பில் காஃபீன் 300 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது.

மாத்திரையும் உண்டு. தோள், நெஞ்சு எல்லாம் வலி என்று மருந்துக்கடையில் டைக்ளோபினாக் வாங்கி, நாலு நாளாக இரண்டு வேளை.

கோவை பிசியோ, மார்ச் 27, மதியம் 2.20

இப்போது படம் தெளிவாகிவிட்டது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் அந்த வலி மாத்திரை. இன்றே அதை விட்டுவிட்டு, போட்ட விஷயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். டைக்ளோபினாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். டெல்மிசார்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் சுமை. புதிதாக ஜிம்முக்குப் போகிற பிரஷர்காரர்களில் பாதிப் பேர் இந்த வேலையைச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். தசை வலி இரண்டு மூன்று நாளில் தானாகப் போகும். தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போடலாமா என்று டாக்டரையே கேட்டுக்கொள்ளுங்கள். எடை தூக்கும்போதோ, நடக்கும்போதோ, சும்மா இருக்கும்போதோ நெஞ்சில் இறுக்கம் வந்தால் அது தசை வலி என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது.

சிவப்புத் தண்ணீரை மறந்துவிடுங்கள். ஏறக்குறைய மூன்று டம்ளர் கெட்டி டிகாக்ஷன் காபியை ஒரே மடக்கில் குடித்த மாதிரி அது.

அடுத்து, அந்த 184. உடம்பு வேலை செய்யும்போது மேல் அளவு ஏறுவது இயல்பு. வேகமாக நடந்தாலே ஆரோக்கியமான ஆளுக்கும் 160, 170 வரும். கீழ் அளவு பெரிதாக அசையாது. நிறுத்தியதும் மெல்ல இறங்கும், பலருக்கு ஆரம்பித்த அளவைவிடக் கீழேயே போய்ச் சில மணி நேரம் அங்கேயே நிற்கும். நடை மருந்தாவது அப்படித்தான். நீங்கள் மாடி ஏறி வந்து, பேசிக்கொண்டே, சின்னப் பட்டையை இறுக்கிக் கட்டிப் பார்த்தது எதையும் அளந்ததாகாது. பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடத்தான் காட்டும். பெரிய பட்டை தனியாக வாங்கலாம். பயிற்சிக்கும் காபிக்கும் அரை மணி கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். பேச்சு கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் குறித்து வையுங்கள். வீட்டில் 135/85-க்குக் கீழே இருந்தால் நல்லது.

அதற்காக நடந்ததை லேசாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். காதில் டம் டம், கண்ணில் பூச்சி, இரண்டும் மூச்சை அடக்கியதால் வந்தவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, ரத்த அழுத்தமும் அந்த நொடிகளில் எகிறும். 1985-இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து பாடிபில்டர்களுக்குக் கையின் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தார்கள். இரண்டு காலாலும் கனமான லெக் பிரஸ் தள்ளும்போது சராசரி 320/250. அவர்கள் இளைஞர்கள், பழகிய உடம்பு. உங்கள் ரத்தக்குழாய் 162/102-இல் எத்தனை வருடம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

அதனால் எடையை விட வேண்டாம், மூச்சை அடக்குவதை விடுங்கள். தள்ளும்போது வாயால் ஊதி வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். அது குழப்பமாக இருந்தால் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தூக்குங்கள். பேசுகிற வாய்க்கு மூச்சை அடக்க வராது. பதினைந்து தடவை தூக்கிய பிறகும் இன்னும் மூன்று நாலு தூக்கலாம் என்று தோன்றுகிற எடைதான் உங்கள் எடை. 40 கிலோ இல்லை, வெறும் கம்பியாகக்கூட இருக்கட்டும். 'இன்னும் ரெண்டு' என்று யார் சொன்னாலும் வைத்துவிடுங்கள். தலை கீழாகச் சரிகிற பெஞ்ச் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

மற்ற ஐந்து நாள் நடை, அரை மணி. வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது அந்தக் கணக்குதான். பக்கத்தில் வருபவரோடு பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். தொடர்ந்து நடந்தால் பிரஷர்காரருக்கு மேல் அளவில் ஐந்து முதல் எட்டு வரை குறையும். மாத்திரைக்கு மாற்று அல்ல, கூடவே வருகிற துணை. நடையைச் சில வாரம் விட்டால் அந்தப் பலன் போய்விடும்.

கால் வீக்கம் டிரெட்மில்லால் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆம்லோடிபின் தொடங்கியவர்களில் பலருக்கு இது வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டினால் மாற்றித் தருவார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே போய்விடுங்கள்.

எடையை மறுபடி தொடும் முன் ஒரு ஈசிஜி தேவையா என்றும் அவரிடமே கேளுங்கள். உட்கார்ந்து ஒழுங்காக அளந்தே 180 அல்லது 110-ஐத் தொட்டால் அன்று பயிற்சி கிடையாது, டாக்டர்தான். நெஞ்சில் இறுக்கம், மூச்சு முட்டல், வாய் குழறல், ஒரு பக்கம் கை கால் இழுத்தல், பார்வை மங்கல், இதில் எது வந்தாலும் மெஷினைத் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரெண்டு விசில், மார்ச் 27, இரவு 8.50

தம்பி, நான் ஓய்வுபெற்ற கண்டக்டர், 66 வயது, கும்பகோணம். மேடம் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நிறுத்துவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் விழுந்து எழுந்தவன்.

எனக்கு மெட்டோப்ரோலால் ஓடுகிறது, கூட இன்னொரு மாத்திரை. சிங்கப்பூரில் இருக்கிற மகன் கையில் கட்ட ஒரு கடிகாரம் அனுப்பினான். 220-இல் வயதைக் கழி, அதில் இத்தனை சதவீதம் நாடி துடிக்கணும் என்று போனில் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். நானும் மகாமகக் குளத்தைச் சுற்றி வேக வேகமாக நடக்கிறேன், கடிகாரம் 98-ஐத் தாண்டவில்லை. இன்னும் வேகம். இரண்டு வாலிபப் பையன்களை முந்தினேன் என்றால் பாருங்கள். 102. சனியன், இதற்கு மேல் ஏறாது போலிருக்கிறது என்று எரிச்சலில், டீக்கடை வந்ததும் அப்படியே சட்டென்று நின்றேன். ஒரு டீ என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பெஞ்சில் படுத்திருக்கிறேன், யாரோ செய்தித்தாளால் விசிறுகிறார்கள். டீயும் வரவில்லை.

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை நாடித் துடிப்பையே கட்டிப்போடும், கடிகார எண்ணைத் துரத்தவே கூடாது என்றார். நடக்கும்போது கால் ரத்தக்குழாயெல்லாம் விரிந்து கிடக்கும், கெண்டைச் சதைதான் ரத்தத்தை மேலே தள்ளும். சட்டென்று நின்றால் தள்ள ஆளில்லை, ரத்தம் காலிலேயே தங்கி மூளைக்குக் குறைந்துபோகும். பிரஷர் மாத்திரை போட்டவனுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும்.

முப்பது வருடம் விசில் ஊதியவன் நான். ஒரு விசில் கொடுத்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடுமா? வேகம் குறைந்து, ஓரம் கட்டி, அப்புறம்தானே நிற்கும். இப்போது கடைசி ஒரு சுற்றை, கோயிலுக்குப் போகிற கிழவி மாதிரி நடக்கிறேன். பத்து நிமிடம். அதன் பிறகுதான் டீ, அதுவும் உட்கார்ந்து.

சித்திரை வெயில் வருகிறது. ஆறு மணிக்குள் இறங்கிவிடுங்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

வளைகுடா நைட் ஷிப்ட், மார்ச் 28, காலை 4.10

பிசியோ மேடம், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்காருவது போல நிற்பது பிரஷருக்கு நடையைவிட நல்லது என்று எல்லோரும் வீடியோ போடுகிறார்களே, உண்மையா?

கோவை பிசியோ, மார்ச் 28, காலை 7.00

வெறும் வீடியோ கதை இல்லை. 2023-இல் 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்தது. அசையாமல் நிற்கிற இந்த வகையில்தான் மேல் அளவு அதிகம் குறைந்தது, சராசரியாக எட்டு. இரண்டு நிமிடம் நிற்பது, இரண்டு நிமிட ஓய்வு, இப்படி நாலு தடவை, வாரத்துக்கு மூன்று நாள் என்பது வழக்கமான முறை. ஆனால் தொடை எரியும்போது எல்லோரும் செய்வது மூச்சை அடக்குவதுதான், அதனால் வீட்டில் நீங்களாக ஆரம்பிக்காதீங்க. பிரஷர் கட்டுக்குள் இருந்து, டாக்டர் சரி என்றால், முதலில் முப்பது வினாடி மட்டும் நிற்பதில் தொடங்கலாம். நடையை விட்டுவிட்டு இதை மட்டும் செய்வதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அச்சுக்காரன், மே 24, இரவு 9.45

வைகாசி முகூர்த்த வேலையில் இந்தப் பக்கம் வரவே முடியவில்லை. கேட்டுவிட்டு ஓடிப்போனவன் என்று நினைக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

டாக்டரிடம் வலி மாத்திரை, சிவப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஈசிஜி எடுத்தார், சிறுநீரகத்துக்காகக் கிரியேட்டினின் பார்த்தார், இரண்டும் பரவாயில்லை. ஆம்லோடிபினை நிறுத்தி சில்னிடிபின் 10 கொடுத்தார். இரண்டு வாரத்தில் கால் வீக்கம் வடிந்து, காலுறைத் தடம் போய்விட்டது. பெரிய பட்டை வாங்கினேன். அதைக் கட்டிய முதல் நாளே ஏழு புள்ளி குறைவாகக் காட்டியது, நடக்காமலே.

காலை ஐந்தரைக்கு வண்டியூர் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஒரு பக்கம் முந்நூறு மீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும், சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். மூன்று சுற்று. முதல் சுற்றில் பாதியும் கடைசிச் சுற்றில் பாதியும் கும்பகோணத்து ஐயா சொன்ன கிழவி நடை. மனைவியும் வருகிறாள், அதனால் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்ற சோதனைக்குப் பஞ்சமில்லை. பாடச் சொல்லி இதுவரை கேட்கவில்லை.

போன இரண்டு வாரக் குறிப்பைக் கூட்டி வகுத்தால் 129/82. எடை 83. உப்பில் நான் ஒன்றும் பெரிதாகக் கிழிக்கவில்லை, மோரில் உப்பை விட்டேன், ஊறுகாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

ஜிம்முக்கு டாக்டர் சரி சொன்ன பிறகுதான் போனேன், செவ்வாயும் வெள்ளியும். படிவத்தை வாங்கி 'இல்லை'யை அடித்துவிட்டு, பிரஷர், இன்ன மாத்திரை என்று எழுதினேன். பையன் படித்துவிட்டு, "எங்கப்பாவுக்கும் இருக்கு, அங்கிள்" என்றான். அவ்வளவுதான், இதற்கா அந்த வெட்கம் என்றாகிவிட்டது. படிவம் தீர்ந்துபோனதும் மறுபடி என்னிடமே அடிக்கக் கொடுத்தார்கள். கேட்காமலே நான் ஒரு வரி மாற்றினேன். 'நோய் ஏதேனும் உண்டா?' என்பதை எடுத்துவிட்டு, 'பிரஷர், சுகர், இதயம் - எதற்காவது மாத்திரை எடுக்கிறீர்களா?' என்று பன்னிரண்டு பாயிண்ட் தடித்த எழுத்தில், டிக் அடிக்கக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். நோய் உண்டா என்றால் எல்லோரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள்.

பெஞ்சில் இப்போது வெறும் கம்பியோடு இரண்டு பக்கமும் இரண்டரை கிலோ. வாய்விட்டு எண்ணுகிறேன்.

மேடம், உங்களிடம் ஒன்று சொல்லணும். மூச்சை அடக்குவது ஜிம்மில் மட்டும் நடந்த தப்பு என்று நினைத்திருந்தேன். போன வாரம் 23x36 அங்குலக் காகிதம் இறங்கியது, ஐநூறு தாள் கொண்ட ஒரு ரீம் 21 கிலோ. குனிந்து தூக்கும்போதுதான் கவனித்தேன், இருபத்தைந்து வருடமாகப் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்தே தூக்கியிருக்கிறேன். இப்போது அதற்கும் எண்ணுகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக. பைண்டிங் பையன் முதல் நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டாவது ரீம் வரும்போது பொறுக்க முடியாமல் வந்து சொன்னான், "அண்ணே, கணக்குச் சரியாத்தாண்ணே இருக்கு, நானே எண்ணி இறக்குனேன்."